பூட்ஸ் பீரோவும் ஒன்பது பெற்றோரும்

என் மகளுக்கு என்.சி.சி. (தேசிய மாணவர் படை) சீருடைப் பணம் வராமல் போனதற்குக் காரணம் ஒரே ஒரு எழுத்து. அவளுடைய இனிஷியல். பள்ளிப் பதிவேட்டில் அது பெயருக்கு முன்னால் இருக்கிறது. ஆதாரில் அதே எழுத்து அவள் அப்பாவின் முழுப்பெயராக விரிந்து பின்னால் போய் நிற்கிறது. பாஸ்புக்கில் எழுத்து மட்டும், ஆனால் பின்னால். மூன்று தாளில் மூன்று விதம். கணினிக்கு அவர்கள் மூன்று வெவ்வேறு பெண்கள்.

எங்கள் வீட்டோடு இது முடிந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். பள்ளிக்குப் போய் விசாரித்தபோதுதான் தெரிந்தது, 2023-இல் புதிதாகச் சேர்ந்த 50 பிள்ளைகளில் 17 பேருக்கு இதே மாதிரி ஏதோ ஒரு சிக்கல். சிலருக்கு இனிஷியல். சிலருக்கு ஆதார் இணைக்காத கணக்கு. இரண்டு பேருக்குப் போட்டெடுக்காமல் முடங்கிப்போன கணக்கு. முன்பெல்லாம் சீருடையைக் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். இப்போது அதற்கான தொகை கேடட்டின் (படையில் சேர்ந்த மாணவரின்) வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. நல்ல ஏற்பாடுதான். அளவு பார்த்துத் தைத்துக்கொள்ளலாம், நடுவில் யார் கையும் படாது. ஆனால் 13 வயதுப் பெண்ணின் கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று யார் பார்ப்பது? எங்கள் பள்ளியில் அந்த வேலை என்.சி.சி. பொறுப்பு மிஸ்ஸின் தலையில் விழுந்திருந்தது. நான் போனபோது மதிய இடைவேளை. டிபன் பாக்ஸைத் திறக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, பாஸ்புக் ஜெராக்ஸ்களை மேசை முழுக்கப் பரப்பி, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மிஸ், நான் கணக்கு எழுதற வேலைதான் பார்க்கிறேன். இதை நான் பார்த்துத் தரட்டுமா?" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு பாதி ஜெராக்ஸை என் பக்கம் நகர்த்தினார். எங்கள் பெற்றோர் குழு தொடங்கியது அந்த மேசையில்தான்.

என்.சி.சி. என்றால் சுதந்திர தின அணிவகுப்பு, பரேடு முடிந்ததும் கொடுக்கும் பூரி என்ற அளவில்தான் எனக்கும் தெரிந்திருந்தது. மகள் சேர்ந்த பிறகுதான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு, 1946-இல், ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு போட்டு யோசித்து, 1948-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவானது தேசிய மாணவர் படை. அடுத்த ஆண்டே, 1949-இல், பெண்களுக்கான பிரிவு வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜூனியர் பிரிவு, கல்லூரிக்கு சீனியர் பிரிவு. பள்ளியில் இரண்டு ஆண்டுப் பயிற்சி முடித்து 'ஏ' சான்றிதழ் தேர்வு எழுதலாம். கல்லூரியில் 'பி', அதற்குப் பிறகு 'சி'. பட்டமும் 'சி' சான்றிதழும் தேவையான தரத்தில் கையில் இருந்தால், ராணுவ அதிகாரி வேலைக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராகத் தேர்வு வாரிய நேர்காணலுக்கே போகலாம், பெண்களும் போகலாம். அவர்கள் பயிற்சி பெறும் இடம் நம் சென்னைப் பரங்கிமலையில்தான் இருக்கிறது. இதையெல்லாம் சொன்னபோது எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

பள்ளிகளில் படையை நடத்துகிறவர் ஏ.என்.ஓ. எனப்படும் ஆசிரியர். அவர் முழுநேர ராணுவ அதிகாரி இல்லை. எங்கள் மிஸ் கணக்குப் பாடம் எடுக்கிறவர். குவாலியருக்குப் போய் மாதக்கணக்கில் தங்கிப் பயிற்சி முடித்து வந்தவர். (ஆண் ஆசிரியர்கள் நாக்பூர் பக்கத்துக் காம்ப்டிக்குப் போவார்கள்.) பள்ளிப் பிரிவுகளை மேற்பார்க்கும் என்.சி.சி. பட்டாலியனிலிருந்து ஹவில்தார்கள் வந்து டிரில் சொல்லிக்கொடுப்பார்கள், துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பார்கள். மற்றதெல்லாம் மிஸ். வருகைப் பதிவு, சேர்க்கை விண்ணப்பம், மருத்துவச் சான்று, முகாமுக்குப் பெயர்ப் பட்டியல், பெற்றோர் சம்மதக் கடிதம், சிற்றுண்டிக் கணக்கு. இதற்கு நடுவில் பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியலும் நடத்த வேண்டும். அவருக்குக் கிடைக்கும் மதிப்பூதியம் இந்த உழைப்புக்கு ஈடாகாது. நம் பிள்ளைகளுக்காக ஒருவர் இவ்வளவு சுமக்கும்போது, அதில் எதையெல்லாம் நாம் வாங்கிக்கொள்ளலாம் என்று யோசிப்பதுதான் பெற்றோர் குழுவின் வேலை என்று நான் நம்புகிறேன்.

ஆனால் எங்களுக்கு இது முதல் நாளே புரிந்துவிடவில்லை. முதல் கூட்டத்தில் ஒன்பது பேர் வந்தோம். பேசியது முழுக்கப் பணத்தைப் பற்றித்தான். ஆளுக்கு 500 ரூபாய் போட்டால் பள்ளிப் பெயர் போட்ட டி-ஷர்ட் வாங்கலாம், பெரிய பேனர் அடிக்கலாம், விழா வைக்கலாம். எல்லோருக்கும் உற்சாகம். அடுத்த வாரமே வசூல் தொடங்கியது. மூன்றாவது சனிக்கிழமை ஒரு பெண் பரேடுக்கு வரவில்லை. அதற்கடுத்த சனியும் இல்லை. கேட்டால் வயிற்றுவலி என்றாள். குழுவில் இருக்கும், கடலூர்க் கடற்கரை ஊரான தேவனாம்பட்டினத்து மீனவ அண்ணன்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவங்க அம்மா கூடை வச்சு மீன் விக்கிறவங்க. மீன்பிடித் தடைக்காலம் நடக்குது. ஐந்நூறு ரூபாய்னு பிள்ளை வீட்ல வாயே தொறக்கல. வயித்துவலின்னு சொல்லிட்டு உக்காந்துட்டா."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அரசாங்கம் ஒரு பைசா வாங்காமல் நடத்துகிற பயிற்சிக்கு நாங்கள் வாசலில் உண்டியல் வைத்திருக்கிறோம். மறுநாளே எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். தீர்மானப் புத்தகத்தில் முதல் வரியாக எழுதினோம்: கேடட் குடும்பத்திடம் எந்தக் காரணத்துக்காகவும் பணம் வசூலிப்பதில்லை. யாராவது தர விரும்பினால் பொருளாகத் தரலாம், அதுவும் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாக, ரசீதோடு. தனிச் சங்கம், தனி வங்கிக் கணக்கு எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்ததும் அன்றுதான். கழகத்துக்குள்ளேயே ஒரு சின்னக் குழு, அவ்வளவே. அந்தப் பெண் அடுத்த சனிக்கிழமை வந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பணம் இல்லை என்று ஆன பிறகு, நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். புதுப்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் ஒரு அம்மா. ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவர். மேலே சொன்ன மீனவ அண்ணன். ஒரு கேடட்டின் தாத்தா, ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுகிறோம். ஒரு மளிகைக்கடைக்காரர். கணக்கு எழுதத் தெரிந்த நான். வீட்டிலேயே இருந்தாலும் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்த இரண்டு பேர். ஒன்பது பேரிடம் இருந்த தொழில்தான் எங்கள் மூலதனம்.

முதலில் செய்தது பூட்ஸ் பீரோ. 13 வயதில் வாங்கிய பூட்ஸ் 14 வயதில் காலில் ஏறாது. இரண்டு வருடத்தில் இரண்டு ஜோடி, சில பிள்ளைகளுக்கு மூன்று. சீனியர்கள் விட்டுப்போன பூட்ஸ் எல்லாம் வீட்டுப் பரணில் கிடக்கிறது. ஒரு பழைய இரும்பு பீரோவைப் பள்ளியில் கேட்டு வாங்கினோம். போன வருடத்துப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். பூட்ஸ், பெல்ட், தொப்பி, சட்டை என்று வந்து சேர்ந்தது. பூட்ஸை அளவு வாரியாக அடுக்கி, நாக்குப் பகுதியின் உள்ளே பால்பாயிண்ட் பேனாவால் அளவை எழுதினோம். தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்ளலாம், யார் எடுத்தார் என்பது நோட்டில் இருக்கும், மிஸ்ஸைத் தவிர வேறு யாரும் அந்த நோட்டைப் பார்க்கக் கூடாது. தையல்கார அக்கா சட்டைகளின் தோள்பட்டையைப் பிரித்து, பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். பழைய சட்டை என்று சொல்லவே முடியாது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அதற்குப் பின் தென்பெண்ணையில் வெள்ளம். பள்ளி திறந்து பீரோவைத் திறந்தால், பூட்ஸ் எல்லாவற்றிலும் சாம்பல் பூத்தது மாதிரி பூஞ்சை. ஐயாதான் வழி சொன்னார். வெயிலில் வைக்காதே, தோல் வெடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நிழலில் காற்றோட்டமாக வை, தாள் ஈரமானால் மாற்று. நான்கு நாள் தாழ்வாரம் முழுக்கப் பூட்ஸ் வரிசை. ஒரு ஜோடிகூடப் பாழாகவில்லை.

ஐயாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்கு டிரில் சொல்லிக்கொடுக்க ஆசை. அது ஹவில்தாரின் வேலை, நாம் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று நாங்கள் சொன்னபோது முகம் வாடிவிட்டது. ஆனால் மைதானத்துக்கு வெளியே அவர் சொல்லிக்கொடுத்ததுதான் பிள்ளைகளின் நடையையே மாற்றியது. புது பெரே தொப்பி காளான் மாதிரி தலையில் நிற்கும். அதைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் முக்கி, பிழிந்து, ஈரத்தோடு தலையில் வைத்து, தொப்பியின் பட்டையைக் காதுக்கு மேல் நேராக அமர்த்தி, பேட்ஜ் இடது கண்ணுக்கு மேலே வரும்படி வைத்து, மிச்சத் துணியை வலது பக்கமாக இழுத்துத் தடவித் தடவிப் படிய வைக்க வேண்டும். முக்கால்வாசி காயும்வரை கழற்றக் கூடாது. ஒரு சனிக்கிழமை மாலை 20 பெண்கள் ஈரத் தொப்பியோடு வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் பூட்ஸ் பாலிஷ். பழைய பருத்தித் துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, பாலிஷை லேசாகத் தொட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். அப்பிப் பூசினால் மங்கும். மெல்லிய பூச்சு மேல் மெல்லிய பூச்சாக ஏற்றினால்தான் முகம் தெரியும். புது பூட்ஸை நேராகப் பரேடுக்குப் போட்டு வராதீர்கள், வீட்டில் தினம் ஒரு மணி நேரம் இரண்டு சாக்ஸோடு போட்டுப் பழக்குங்கள் என்பார். கொப்புளம் வந்த குதிகாலோடு நடந்த பிள்ளைகளுக்குத்தான் அந்த வார்த்தையின் அருமை தெரியும்.

காக்கிக்குக் கஞ்சி போடுவது என் அம்மாவின் துறை. வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து, துணியில் வடிகட்டி, சட்டையை முக்கி எடுத்து, பாதி ஈரத்திலேயே இஸ்திரி போட வேண்டும். வடிகட்டாமல் போட்டால் காக்கியில் வெள்ளைத் திட்டு விழும். வெள்ளை வேட்டிக்குப் போடுகிற கெட்டிக் கஞ்சி இதற்கு ஆகாது.

மொழியும் ஒரு தடை. டிரில் கட்டளை எல்லாம் ஹிந்தியில். வீட்டில் ஹிந்தி காதிலேயே விழாத பிள்ளைகள். வலம் திரும்பச் சொன்னால் பாதிப் பேர் இடம் திரும்பி நிற்பார்கள். அதற்குத் திட்டு வாங்கி, தனக்கு டிரில் வராது என்றே நினைத்துக்கொள்வார்கள். மகளை உட்கார வைத்துக் கேட்டு ஒரு தாள் தயாரித்தேன், மிஸ் சரிபார்த்தார். சாவ்தான் என்றால் குதிகால் சேர்த்து விறைப்பாக நில். விஷ்ராம் என்றால் கால் அகற்றி நில். தாஹினே முட், வலம் திரும்பு. பாயே முட், இடம் திரும்பு. பீச்சே முட், பின்னால் திரும்பு. தேஸ் சல், நட. தம், நில். ஒரு பக்கத் தாள்தான். அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த அடுத்த வாரமே வித்தியாசம் தெரிந்ததாக மிஸ் சொன்னார். இப்போது எங்கள் வீட்டில் ஆயாவே பேரனை "விஷ்ராம்" சொல்லித்தான் உட்கார வைக்கிறார்.

சாப்பாட்டு விஷயம் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆகஸ்ட் மாதத்துக் கடலூரில் காலை எட்டு மணிக்கே கடல்காற்றின் ஈரத்தோடு வெயில் ஒட்டிக்கொள்ளும். சுதந்திர தின ஒத்திகையில் ஒரு பெண் சரிந்து விழுந்தாள். எல்லோரும் ஓடிப்போய்ச் சுற்றி நின்றோம், ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றப் போனார். செவிலியர் அம்மா எல்லோரையும் விலக்கினார். படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடித்தார், பெல்ட்டைத் தளர்த்தினார், முழு நினைவு வந்த பிறகுதான் தண்ணீர் கொடுத்தார். பிறகு எங்களுக்கு விளக்கினார்: முழங்காலை இறுக்கிப் பூட்டியபடி அசையாமல் வெகுநேரம் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கிவிடும், மூளைக்குப் போவது குறையும், அதுதான் மயக்கம். வெறும் வயிறும் வெயிலும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். பூட்ஸுக்குள்ளேயே கால்விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தால் வெளியே யாருக்கும் தெரியாது, ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஒரு வித்தையை எல்லாப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்தோம்.

விழுந்த பிள்ளை காலையில் ஒரு டம்ளர் டீயோடு வந்தவள். ஐந்தரைக்குக் கிளம்புகிற வீட்டில் இட்லிக்கு நேரமில்லை. அன்றிலிருந்து ஒத்திகை நாட்களில் வாசலிலேயே வாழைப்பழமும் கடலை உருண்டையும். மளிகைக்கடைக்காரர் கடலை உருண்டையைக் கொடுத்துவிடுகிறார். பழம் முறை வைத்து. சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் உள்ளே அனுப்புவோம். பட்டாலியன் தரும் சிற்றுண்டி பரேடு முடிந்துதான் வரும், அது வேறு கணக்கு. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் வைத்திருக்கிறோம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், பாதியைப் போட்டுப் பாதியை மடித்து வைக்கக் கூடாது. பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அதே பையில் சானிட்டரி நாப்கினும் ஒரு கறுப்புத் துண்டும் எப்போதும் இருக்கும். பெண் பிள்ளைகள் படைக்கு இது முதலுதவிப் பெட்டியின் ஒரு பகுதிதான், யாரும் தயங்கத் தேவையில்லை என்று செவிலியர் அம்மா முதல் நாளே பிள்ளைகளிடம் சத்தமாகவே சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது.

இனி எழுதப்போவது எனக்கு எழுதவே கை நடுங்குகிற விஷயம். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒன்று நடந்தது. அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே கிடையாது. பயிற்சியாளர்கள் என்று வந்தவர்கள் போலிகள். பிள்ளைகளை இரவில் அங்கேயே தங்க வைத்தார்கள். 13 வயதுக் குழந்தை ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். அந்த முகாமுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று என்.சி.சி. அறிவித்தது. என் மகளுக்கும் அப்போது அதே வயது. அடுத்த மாதம் அவளுடைய பத்து நாள் முகாம்.

அந்த வாரம் எங்கள் வாட்ஸாப் குழுவில் பயம் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் பிள்ளையை முகாமுக்கு அனுப்ப மாட்டேன் என்றார்கள். முகாமுக்குப் போகாவிட்டால் 'ஏ' சான்றிதழ் தேர்வு எழுத முடியாது. குறைந்தது ஒரு முகாமும் 75 சதவீத வருகையும் வேண்டும். அதைவிட, எவனோ செய்த கொடுமைக்கு நம் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபடுவதா என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பயத்தைக் கேள்விகளாக மாற்றி எழுதினோம். இந்தப் பள்ளியில் பிரிவு இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? என் மகளின் ரெஜிமெண்டல் நம்பர் என்ன? முறைப்படி சேர்க்கப்பட்ட ஒவ்வொரு கேடட்டுக்கும் அப்படி ஒரு பதிவெண் உண்டு. மாநிலமும் சேர்ந்த ஆண்டும் பிரிவும் அதிலேயே தெரியும். அந்த எண் இல்லையென்றால் அங்கே என்.சி.சி. இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். முகாமுக்கான உத்தரவுக் கடிதம் எங்கே? நடத்துவது எந்தப் பட்டாலியன்? பிள்ளைகளோடு எந்தப் பெண் அதிகாரி போகிறார், இரவில் அவர் எங்கே தூங்குவார்? படுக்குமிடத்துக்குள் யார் யாருக்கு அனுமதி? பிள்ளை வீட்டுக்குப் பேச எந்த நேரம், எந்த எண்?

இதை மிஸ்ஸிடம் கொண்டுபோனபோது, என்னைச் சந்தேகப்படுகிறீர்களா என்று கேட்டுவிடுவாரோ என்று எங்களுக்கு உள்ளூர உதறல். அவர் தாளை வாங்கி முழுக்கப் படித்தார்.

"இத போன வருஷமே கேட்டிருக்கணும் நீங்க. கேட்காம அனுப்புன ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் பயமா இருந்துச்சு" என்றார்.

கடிதத்தின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். பட்டாலியன் அலுவலகத்துக்கு நானும் ஐயாவும் நேரில் போய்க் கேட்டு வந்தோம். துண்டறிக்கையில் இருக்கும் செல்பேசி எண்ணை நம்பி விசாரிப்பது விசாரணை ஆகாது. அலுவலகத்தைத் தேடிப் போக வேண்டும், அல்லது அலுவலகத்தின் எண்ணை நீங்களே தேடி எடுக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் பள்ளிக் கல்வித் துறையின் 14417-ஐயும் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொன்னோம். உன் உடம்பைத் தொட்டுத் திருத்துவது டிரில்லில் தேவை என்று யாராவது சொன்னால், உனக்கு அது சங்கடமாக இருந்தால், அணியிலிருந்து விலகி மிஸ்ஸிடம் வந்து நில், யாரும் உன்னைத் தண்டிக்க முடியாது என்று செவிலியர் அம்மா உட்கார வைத்துப் பேசினார். கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் போனார்கள்.

முகாமுக்குப் பை கட்டுவது தனிக் கலை. இரண்டு செட் சீருடை, வெள்ளை கேன்வாஸ் ஷூ, கொசுவலை, தட்டு, டம்ளர், பூட்டு, அதற்கு இரண்டு சாவி. ஆஸ்துமா, வலிப்பு எதற்காவது மருந்து சாப்பிடும் பிள்ளையானால் மருந்தும் சீட்டும் மிஸ் கையில். மறைத்து அனுப்புகிற பெற்றோரிடம் மட்டும் நான் சண்டையே போட்டிருக்கிறேன். உடல்தகுதிச் சான்றில் அதை எழுதினால் பிள்ளையைக் கழித்துவிடுவார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. நடுராத்திரி மூச்சுத் திணறும்போது பக்கத்தில் இருப்பவருக்குக் காரணம் தெரியாமல் இருப்பது அதைவிட மோசம். துணிமணி எல்லாவற்றிலும் தையல்கார அக்கா பெயர்த்துண்டு வைத்துத் தைத்தார். சீருடைக்குப் பூவும் வளையலும் கொலுசும் ஆகாது. மகள் படியில் உட்கார்ந்து கொலுசைக் கழற்றியபோது, பிறந்ததிலிருந்து கழற்றாத கொலுசு என்று என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணுக்காலைச் சுற்றி வெளுப்பாக ஒரு கோடு. மகள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு சாக்ஸை மேலே இழுத்துக்கொண்டாள்.

குழு செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கு லான்ஸ் கார்போரல் என்ற முதல் பதவிப் பட்டை, டெல்லி குடியரசு தின முகாம் தேர்வுக்கு யாரை அனுப்புவது, இதிலெல்லாம் நாங்கள் வாய் திறப்பதில்லை. ஒரு முறை ஒரு அப்பா, தன் மகளுக்குப் பட்டை கிடைக்காததற்குக் குழு தலையிட வேண்டும் என்றார். அவர் மகளே வந்து, "அப்பா, அவ என்னவிட நல்லா கமாண்ட் குடுப்பா" என்றாள். பேச்சு அங்கேயே நின்றது. பாஸ்புக், ஆதார் நகல்கள் பள்ளியை விட்டு வெளியே போவதில்லை, வாட்ஸாப்பில் யாரும் போடக் கூடாது. பிள்ளைகளின் படத்தைப் பெயர், பள்ளி சகிதம் பொதுவில் போடுவதும் இல்லை. முகாம் நடக்கும் பத்து நாளும் வாசலில் போய் எட்டிப் பார்ப்பதில்லை. இந்தக் கடைசி விதி எனக்கு மிகக் கடினமாக இருந்தது. ஐந்தாம் நாள் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் வரை போய், புதுச்சேரி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்று, திரும்பி வந்தேன்.

பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாத ஒன்று, என்.சி.சி.க்கென்று கேடட் நலச் சங்கம் உண்டு. பயிற்சியின்போது அடிபட்டால் உதவி, நன்றாகப் படிக்கும் கேடட்டுகளுக்கு உதவித்தொகை. ஏ.என்.ஓ.விடம் கேட்டால் விண்ணப்பிக்கும் வழி சொல்வார்கள். தேர்வுக்கு முன் வருகைச் சதவீதத்தைப் பிள்ளையிடம் கேட்காமல் பதிவேட்டைப் பார்த்தே உறுதி செய்துகொள்ளுங்கள். கடைசி மாதத்தில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பத்தாம் நாள் மகள் வந்து இறங்கினாள். கறுத்து, தொண்டை கட்டி, ஒரு சுற்று இளைத்து. பையை நான் வாங்கப் போனேன், விடவில்லை. .22 ரைபிளில் சுட்டதைப் பற்றித்தான் முதலில் சொல்வாள் என்று நினைத்தேன். "அம்மா, அன்னைக்கு ஐந்நூறு ரூபாய்க்காக வராம இருந்தாளே, அவதான்மா எங்க டென்ட்ல எல்லாருக்கும் கொசுவலை கட்டிக் குடுத்தா. வலை முடிச்சு மாதிரியே போடுவா, காத்துல அசையவே இல்ல" என்றாள்.

என் மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள், படையிலிருந்தும் வெளியே வந்துவிட்டாள். நான் குழுவில் இருக்கிறேன். போன சனிக்கிழமை புதிய பிள்ளைகளின் சேர்க்கைத் தாள்கள் வந்தன. இப்போது முதல் வேலையே இனிஷியல்தான்: பள்ளிப் பதிவேடு, ஆதார், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறியிருந்தால் அன்றே பென்சிலால் வட்டம். 11 வட்டம் விழுந்திருக்கிறது. திங்கட்கிழமை அந்த 11 வீட்டுக்கும் போன் செய்ய வேண்டும். நான்கு பேர் தேவனாம்பட்டினம், அவர்களை அண்ணன் நேரில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பீரோவில் நான்காம் அளவுப் பூட்ஸ் ஒரு ஜோடிகூட இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் துடைக்காமல் கொண்டுவந்தாலும் சரி, ஐயா பார்த்துக்கொள்வார்.